மலைநாட்டு நாற்றுக்குடில்

கேமரன் மலைக்கு வருவோர் கண்ணில் முதலில் படுவது தேயிலையின் பசுமை. அடுத்துப் படுவது பள்ளத்தாக்குகளில் வெள்ளைவெளேரென மின்னும் பிளாஸ்டிக் கூரைகள். மேலைநாட்டார் குளிரிலிருந்து பயிரைக் காக்கக் கண்ணாடி வீடு கட்டுவதை நூல்களில் படித்தவர்கள், இக்கூரைகளும் அதன் பொருட்டே எழுந்தவை என எண்ணுவதுண்டு. உண்மை அதுவன்று. இங்குள்ள குடிலின் முதற்பணி குளிரைத் தடுப்பதன்று, மழையைத் தடுப்பதே. இந்த வேறுபாட்டை உணர்ந்தவர்க்கு, குடியிருப்பின் பின்புறத்திலோ பள்ளித் தோட்டத்தின் மூலையிலோ ஒரு சிறு நாற்றுக்குடில் அமைப்பது எளிதான செயலாகும்.

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் ஆய்ந்து குறித்ததால் இம்மலை அவர் பெயர் பெற்றது. தானா ராத்தா நகரம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. பகலில் வெப்பம் பெரும்பாலும் 25 பாகையைத் தாண்டுவதில்லை. இரவில் 15 பாகை அளவுக்கு இறங்கும். உறைபனி கிடையாது. நிலநடுக்கோட்டை ஒட்டிய இடமாதலால் பகற்பொழுது ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரம். இலண்டனிலோ டிசம்பர் மாதப் பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு. ஆகவே, அங்கே வேண்டப்படும் அடுப்பும் விளக்கும் இங்கே வேண்டியதில்லை. ஆனால், ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழைதான் இளநாற்றுக்குப் பகை.

முட்டைக்கோசு, பூக்கோசு, சாலட் கீரை முதலியவை ஐரோப்பியர் வழியே ஆசிய மலைகளில் பரவிய பயிர்கள். நீலகிரியில் 1820களில் ஜான் சல்லிவனும், நுவரெலியாவில் 1840களின் இறுதியில் சாமுவேல் பேக்கரும் இத்தகைய காய்கறிகளைப் பயிரிட்டனர். இவற்றுள் முட்டைக்கோசு பூத்து விதை தர வேண்டுமானால், பல வாரங்கள் கடுங்குளிரில் இருந்தாக வேண்டும். கேமரன் மலையின் குளிர் அதற்குப் போதாது. இலை சுருண்டு நல்ல கோசாகத் திரளும். ஆயின், விதை பிடிப்பது அரிது. எனவே, ஒவ்வொரு முறையும் விதையை விலை கொடுத்தே வாங்க வேண்டும். கூலி வருவாயில் வாழும் குடும்பத்துக்கு ஒரு விதைப் பொட்டலத்தின் விலையும் எண்ணிப் பார்க்கத் தக்கதே. திறந்த பாத்தியில் தூவிய விதையைப் பெருமழை அடித்துச் செல்லும். முளைத்தவையும் ஈரம் மிகுந்தால் தண்டின் அடி கறுத்து, ஓரிரவில் சாய்ந்துவிடும். இதுவே நாற்றழுகல். மண்ணில் வாழும் நுண்ணுயிர்களால் வரும் இந்நோய்க்கு, வந்தபின் மருந்து தேடுவதினும் வருமுன் காப்பதே சிறந்தது.

அதற்கான குடில் 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் இருந்தால் போதும். கால்களுக்கு மரமோ இரும்புக் குழாயோ பயன்படும். கூரைக்கு வெயில் தாங்கும் தெளிவான பிளாஸ்டிக் தாளைச் சரிவாக இழுத்துக் கட்ட வேண்டும். பக்கங்களைப் பிளாஸ்டிக்கால் அடைத்துவிடுவது தவறு. அடைத்தால் நண்பகலில் உள்ளே வெப்பம் ஏறும், ஈரமும் வெளியேறாது. சாலட் கீரை விதை, வெப்பம் 30 பாகையை நெருங்கினால் முளைக்காமல் உறங்கிவிடும் இயல்புடையது. பக்கங்களுக்கு நெருங்கிய கண்ணுடைய வலையே ஏற்றது. காற்று நுழையும், கோசு இலையைத் துளைக்கும் புழுவின் தாய் அந்துப்பூச்சி நுழையாது.

மண்ணிலும் கருத்து வேண்டும். தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும். கோசு அதனை விரும்பாது. புளிப்பு மண்ணில் கோசின் வேர் வீங்கும் நோய் பெருகும். அதன் வித்துகள் பல்லாண்டுகள் மண்ணில் அழியாமல் கிடக்கும். ஆதலால், பழைய கோசுப் பாத்தியின் மண்ணை நாற்றுத் தட்டில் இடலாகாது. நன்கு மக்கிய உரமும் தென்னைநார்த் தூளும் மணலும் கலந்து நிரப்புவது நலம். நடவுப் பாத்திக்கு முன்னதாகவே சுண்ணாம்பு இட்டுப் புளிப்பைக் குறைக்க வேண்டும்.

கோசு விதையை 1 செண்டிமீட்டர் ஆழத்தில் குழிக்கு ஒன்றாக இட்டால், ஒரு வாரத்துக்குள் முளைக்கும். சாலட் கீரை விதைக்கு வெளிச்சம் வேண்டுமாதலால் மேலாகத் தூவி, மிக மெல்லியதாக மூடினால் போதும். முள்ளங்கியையும் காரட்டையும் தட்டில் வளர்த்துப் பிடுங்கி நட்டால் கிழங்கு கோணும். அவற்றைப் பாத்தியிலேயே நேரே விதைக்க வேண்டும். நீரைக் காலையில் ஊற்றுவதே முறை. மாலையில் ஊற்றினால் இரவெல்லாம் ஈரம் தங்கும். நான்கைந்து இலை விட்ட நாற்றுகளை, நடுவதற்கு ஒரு வாரம் முன்பே, நாள்தோறும் சில மணி நேரம் வெளியே வைத்துப் பழக்க வேண்டும். நிழலில் வளர்ந்த நாற்றைத் திடீரென வெயிலில் நட்டால் வாடிவிடும்.

இனி, பலரும் மறந்துவிடும் ஒன்று உண்டு. கூரை தடுத்த மழை எங்கே போகிறது? ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். 50 மில்லிமீட்டர் பெய்தால், மேற்சொன்ன 6 சதுர மீட்டர்க் கூரையிலிருந்து 300 லிட்டர் நீர் ஓரிடத்தில் விழும். மாணவர் கணக்குப் பாடத்தில் செய்து பார்க்கத் தக்க கணக்கு இது. மண் உறிஞ்சியிருக்க வேண்டிய நீர், சரிவை அரித்து ஆற்றில் சேர்கிறது. மலைச்சரிவுகளிலிருந்து ஆண்டாண்டாக வந்த வண்டல் ரிங்லெட் நீர்த்தேக்கத்தின் கொள்ளளவைக் குறைத்துவிட்டது. 2013 அக்டோபரில் கனமழையின்போது சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டது. ஒரு சிறு குடில் வெள்ளத்தை உண்டாக்காது. ஆயினும், ஆயிரக்கணக்கான கூரைகளின் நீரைக் கேட்பாரற்று விட்டால் அந்தச் சுமை கீழே வாழ்வோர் தலையில்தான் இறங்கும்.

ஆகையால் குடில் கட்டும்போதே தாழ்வாரத்தில் ஓடு வைத்து, நீரைத் தொட்டியில் சேர்க்க வேண்டும். மழையில்லா நாள்களில் அதே நீர் நாற்றுக்குப் பயன்படும். நிரம்பி வழிவது புல் வளர்த்த வாய்க்கால் வழியே மெல்லச் செல்லட்டும். நாற்றை மழையிடமிருந்து காப்பது பாதி வேலை. அந்த மழையிடமிருந்து மண்ணைக் காப்பது மறுபாதி. பள்ளித் தோட்டத்தில் இவ்விரண்டையும் ஒருங்கே கற்ற பிள்ளை, பின்னர்ப் பெருந்தோட்டம் வைத்தாலும் மலையை மறவான்.