ஈயத் தவுக்கே வீட்டுப் பறவைக்காரர்

கோலாலம்பூர்க்காரர்களுக்கு லோக் யூ என்றால் ஒரு சாலை. காலை நேர நெரிசல் செய்தியில் வானொலியில் அடிபடும் பெயர். அந்தப் பெயருக்குரிய மனிதர் கட்டிய வீடோ அந்தச் சாலைப் பக்கமே இல்லை. மேடான் துவாங்குவில், உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே வெள்ளையாக நிற்கிறது. பிரிக்பீல்ட்ஸில் மோனோரயில் ஏறினால் மேடான் துவாங்கு நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். ஹாலந்துப் பாணியில் வளைந்து ஏறும் முகப்பு, சீனத் தோட்டங்களில் காணும் வட்ட வாசல் என்று எல்லாம் கலந்த வீடு. கையில் காசு இருந்த ஒருவர், பிடித்ததையெல்லாம் ஒரே இடத்தில் கட்டிப் பார்த்தது போல இருக்கும். எனக்கு அந்தக் கலப்பு பிடிக்கும்.

லோக் யூ சீனாவிலிருந்து சிறுவனாக சிங்கப்பூருக்கு வந்தவர். கடைச் சிப்பந்தியாகத் தொடங்கி, ஈயத்தில் பெரும் பணம் பார்த்தார். நம்மவர்களுக்கு இதில் ஒரு சொந்தம் உண்டு. பத்துமலைக் கோயிலுக்கு வழிகோலிய கே. தம்புசாமிப் பிள்ளை இவருடைய தொழில் கூட்டாளி. ரவாங் ஈயச் சுரங்கத்தில் மின்சாரத்தால் ஓடும் பம்பை வைத்து நீர் இறைத்தவர்கள் இந்த இருவரும்தான். மலாயாவில் மின்சாரத்தின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளியின் முதல் அறங்காவலர்களிலும் இருவர் பெயரும் இருக்கும். சாவ் ஆ யோக் என்பவரின் பழைய வீட்டை வாங்கி, இடித்தும் சேர்த்தும் பல ஆண்டுகள் கட்டி, 1904இல் லோக் யூ முடித்ததுதான் இந்த மாளிகை.

வீட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுவார்கள். பிரிக்பீல்ட்ஸ் ஸ்டூடியோவில் ஆயுள் முழுக்கக் கல்யாணப் படம் எடுத்த எனக்கு, அப்பாவைவிட மகன்தான் முக்கியம்.

லோக் வான் தோ 1915இல் கோலாலம்பூரில் பிறந்தார். இரண்டு வயது நிறையும் முன்பே தகப்பனை இழந்தார். விக்டோரியா இன்ஸ்டிடியூஷனில் தொடங்கிய படிப்பு சுவிட்சர்லாந்து வழியாக கேம்பிரிட்ஜ் போனது. அங்கே இலக்கியமும் வரலாறும் படித்தார். ஊர் திரும்பியவர் தாயாரோடு சேர்ந்து சினிமாக் கொட்டகைத் தொழிலில் இறங்கினார். அவர்களுடைய கேத்தே திரையரங்கு சிங்கப்பூரில் 1939இல் திறந்தது.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். 1942 ஜனவரி 11ஆம் தேதி கோலாலம்பூர் விழுந்தது. மேடான் துவாங்கு வீட்டை ஜப்பானிய இராணுவம் தன் தலைமையகமாக எடுத்துக்கொண்டது. அடுத்த மாதத் தொடக்கத்தில் வான் தோ சிங்கப்பூரை நெருங்கிய ஆபத்திலிருந்து தப்ப நோரா மோலர் என்ற கப்பலில் இருந்தார். பங்கா நீரிணையில் ஜப்பானிய விமானங்கள் அதன்மேல் குண்டு போட்டன. ஹோபார்ட் என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் உயிர் பிழைத்தவர்களை ஏற்றிக்கொண்டது. வான் தோவுக்கு உடம்பெல்லாம் தீக்காயம், கண்ணும் தெரியவில்லை. இன்று ஜகார்த்தா என்கிற பத்தாவியாவில் வைத்தியம் பார்த்துப் பார்வை திரும்பியது. அங்கிருந்து இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

அகதியாகப் போன இடத்தில் அவருக்குக் கிடைத்தவர் பறவையியலாளர் சலீம் அலி. பம்பாயில் தொடங்கிய நட்பு, கட்ச், காஷ்மீர், சிக்கிம் என்று பறவை தேடிக் காடுமேடாக அலைய வைத்தது. போர்க்காலப் படக்காரர் என்றவுடன் நமக்குத் துப்பாக்கியும் புகையும்தான் ஞாபகம் வரும். வான் தோ போரைப் படமெடுத்தவர் அல்ல. உலகம் எரிந்துகொண்டிருந்தபோது கூட்டுக்கு இரை கொண்டுவரும் பறவைக்காகக் கேமராவோடு உட்கார்ந்திருந்தார். பணக்காரன் பொழுதுபோக்கு என்று சிலர் சொல்லலாம். பார்வை போய்த் திரும்பியவன் எதைப் பார்ப்பது என்று அவனே முடிவு செய்துகொள்ளட்டும் என்பது என் கட்சி.

அந்தக் காலத்துப் பறவைப் படம் என்ன பாடு என்று தொழில் தெரிந்தவனுக்குத்தான் புரியும். பிளாஷ் பல்பு ஒரு மின்னலோடு செத்துப்போகும். அடுத்த படத்துக்கு வேறு பல்பு மாட்ட வேண்டும். ஸ்காட் சாலை கந்தசாமி கோயிலில் தாலி கட்டும்போது நான் தவறவிட்டால், “மாப்பிள்ளை, கையை அப்படியே வச்சிருங்க” என்று கேட்டு இன்னொன்று எடுத்துவிடுவேன். பறவையிடம் அப்படிக் கேட்க முடியாது. கூட்டுக்கு அருகில் மறைவுக் கூடாரம் போட வேண்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி. ஒரேயடியாகப் பக்கத்தில் போட்டால் தாய்ப்பறவை மிரண்டு முட்டையை விட்டே போய்விடும். மழைக்காட்டில் கூடு மரத்து உச்சியில் இருக்கும். அதற்குச் சமமான உயரத்தில் சாரம் கட்டி, மேலே போய் ஒடுங்கி உட்கார வேண்டும். வெளிச்சமோ இலைக்குள் வராது. இத்தனைக்கும் பிறகு ஒரு படம் விழுந்தால் அதிர்ஷ்டம்.

போர் முடிந்து திரும்பியவர் கேத்தே நிறுவனத்தைப் பெரிதாக வளர்த்தார். மலாயா விடுதலை பெற்ற 1957இல் இரண்டு காரியங்கள் நடந்தன. அவருடைய கேத்தே-கெரிஸ் ஸ்டூடியோ, இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ் இயக்கிய ‘பொந்தியானாக்’ பேய்ப்படத்தை வெளியிட்டது, கூட்டம் அலைமோதியது. அதே ஆண்டு அவர் எழுதிப் படமெடுத்த ‘எ கம்பெனி ஆஃப் பேர்ட்ஸ்’ பறவைப் புத்தகமும் வந்தது. பேய் சம்பாதித்தது, பறவை செலவழித்தது என்று நண்பர்களிடம் நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மால்கம் மெக்டொனால்டு எழுதிய அங்கோர் நூலிலும் இவர் எடுத்த படங்கள் உண்டு.

1964 ஜூன் 20ஆம் தேதி, தைவானில் ஆசியத் திரைப்பட விழாவுக்குப் போன இடத்தில், தைச்சுங் அருகே விமானம் விழுந்து மனைவியோடு இறந்தார். வயது 49. விமானத்திலிருந்த 57 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் சலீம் அலி பெயரோடு இவர் பெயரையும் சேர்த்து வைத்த பறவை ஆய்வு நிதி ஒன்று உண்டு. ஈயத்திலும் சினிமாவிலும் வந்த காசு இந்தியப் பறவைகளுக்குப் போனது என்பது நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மாளிகை இன்று வழக்கறிஞர் நிறுவனத்தின் அலுவலகம். அதனால் நினைத்தபடி உள்ளே நுழைய முடியாது, வெளியே நின்றே பார்க்கலாம். படமெடுக்க விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் போங்கள். வேலை நாளில் கார்கள் நின்று முகப்பை மறைத்துவிடும்.