ஜிப்சம் இட்டும் களர் மாறவில்லையா?

"களருக்கு மூட்டை மூட்டையாக ஜிப்சம் போட்டேன், நிலம் அப்படியேதான் இருக்கிறது" என்று குறைப்படும் விவசாயிகள் பலர். வயலுக்குப் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் குறை ஜிப்சத்தில் இருப்பதில்லை. இட்ட பிறகு தண்ணீர் கட்டியிருக்க மாட்டார்கள். கட்டியிருந்தாலும் வடித்திருக்க மாட்டார்கள். ஜிப்சம் மண்ணில் என்ன வேலை செய்கிறது என்பது விளங்கினால் பணம் வீணாகாது. அதற்குக் கொஞ்சம் பௌதிகம் தெரிய வேண்டும். பள்ளிக்கூடப் பாடம்தான்.

உலர்ந்த தலையைப் பிளாஸ்டிக் சீப்பால் வாரி, சீப்பைக் காகிதத் துணுக்குகளின் அருகே கொண்டுபோனால் அவை தாவி ஒட்டிக்கொள்ளும். (எண்ணெய் வைத்த தலை இதற்கு ஆகாது.) சீப்பில் மின்னூட்டம் ஏறியிருப்பதே காரணம். மின்னூட்டத்தில் நேர், எதிர் என இருவகை உண்டு. நேரும் எதிரும் ஒன்றையொன்று இழுக்கும். ஒரே வகையானால் ஒன்றையொன்று தள்ளும். தூரம் இருமடங்கானால் விசை கால் பங்காகக் குறையும். இதை 1785-இல் அளந்து காட்டியவர் பிரெஞ்சு நாட்டு விஞ்ஞானி கூலும். மின்னூட்டம் உள்ள பொருளைச் சுற்றி அதன் விசை எட்டும் இடத்தை மின்புலம் என்கிறோம்.

சீப்பில் ஏறிய மின்னூட்டம் சற்று நேரத்தில் போய்விடும். களிமண்ணில் உள்ளது போகாது. களித்துகள் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் சிறிய தகடு. சிலிக்கான், அலுமினியம் முதலியவை அடுக்கடுக்காகச் சேர்ந்து அது உருவாகும்போதே, சிலிக்கான் இருக்க வேண்டிய சில இடங்களில் அலுமினியமும், அலுமினியத்தின் இடத்தில் மக்னீசியமும் அமர்ந்துவிடுகின்றன. இவற்றுக்கு நேர் மின்னூட்டம் குறைவு. ஆகவே தகடு முழுவதும் எதிர் மின்னூட்டம் மிஞ்சி நிற்கிறது. உழுதாலும் எரித்தாலும் அது மாறுவதில்லை என்று எண்ண வேண்டாம். உழவு மாற்றாது, செங்கல் சூளை மாற்றிவிடும்.

இந்த எதிர் மின்னூட்டம்தான் நமது உரத்தைப் பிடித்து வைக்கும் கை. நேர் மின்னூட்டம் உள்ள அம்மோனியம், பொட்டாஷ், கால்சியம் ஆகியவற்றை மண் பிடித்துக்கொள்ளும். 1850-ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்தில் வே என்ற ரசாயன நிபுணர் அம்மோனிய உப்புக் கரைசலை மண்ணின் வழியே வடித்துப் பார்த்தார். அம்மோனியம் மண்ணிலேயே தங்கியது. வடிந்த நீரில் கால்சியம் வந்தது. ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்கிறது மண் என்பது அன்று தெளிவாயிற்று. ஜிப்சத்தின் வேலையும் இதே மாற்றுதான்.

பிடிக்கும் திறன் எல்லா மண்ணுக்கும் ஒன்றல்ல. ஆய்வுக்கூடக் கணக்கில் கரிசலுக்குப் பொதுவாக 30 முதல் 60 வரை இருக்கும். செம்மண்ணுக்குப் பெரும்பாலும் 15-க்குள். நன்கு மக்கிய தொழுவுரத்தின் மட்குக்கோ 150-க்கும் மேல். மணற்பாங்கான நிலத்தில் தொழுவுரத்துக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்பது இதிலிருந்து தெரியும். யூரியாவுக்கு மின்னூட்டமே கிடையாது. அது அம்மோனியமாக மாறச் சில நாள் ஆகும். அதற்குள் தண்ணீரை வாரி இறைத்தால் உரம் தண்ணீரோடு போய்விடும். அம்மோனியம் பிறகு நைட்ரேட் ஆகும். அதற்கு எதிர் மின்னூட்டம், களித்துகள் அதைத் தள்ளிவிடும். தழைச்சத்தைப் பிரித்து இடச் சொல்வது இதனால்தான்.

இனி களருக்கு வருவோம். மண் பிடித்துள்ள நேர் அயனிகளில் நூற்றுக்குப் பதினைந்து பங்குக்கு மேல் சோடியம் ஆனால் அது களர் நிலம். சோடியத்துக்கு ஒரே ஒரு மின்னூட்டம். களித்துகளை நெருங்கி நில்லாமல், சுற்றியுள்ள நீரில் சற்றுத் தூரம் வரை பரவி நிற்கும். ஆகவே துகளின் மின்புலம் வெகுதூரம் எட்டுகிறது. துகளும் துகளும் தள்ளிக்கொண்டு பிரிந்து, மண்ணின் கண்களை அடைத்துவிடுகின்றன. தண்ணீர் கீழே இறங்காது, காய்ந்தால் பாறை. வயலில் தேங்கிய தண்ணீர் நாள் கணக்கில் கலங்கலாகவே நிற்பதற்கும் இதுவே காரணம்.

கால்சியத்துக்கு இரண்டு மின்னூட்டம். துகளை நெருங்கி நின்று மின்புலத்தை அருகிலேயே அடக்கிவிடும். துகள்கள் கூடிப் பொலபொலப்பாகும். கலங்கல் நீரில் படிகாரம் போட்டால் தெளிகிறதே, அதிலும் இதே வேலைதான். அங்கே மூன்று மின்னூட்டமுள்ள அலுமினியம் செய்கிறது.

ஜிப்சம் கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்தது. ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் இரண்டரை கிராம்தான் கரையும். தூவிவிட்டுச் சும்மா இருந்தால் கால்சியம் எப்படி வெளிவரும்? நிலத்தைச் சமன் செய்து, வரப்பை உயர்த்தி, தூளான ஜிப்சத்தைச் சீராகத் தூவி, மேலாக உழுது, நல்ல தண்ணீர் கட்ட வேண்டும். இரண்டு நாள் நிறுத்தி வடித்து, மறுபடி கட்டி வடிக்க வேண்டும். விடுபட்ட சோடியம் சல்பேட்டோடு சேர்ந்து வடிகாலில் வெளியேறினால்தான் பலன். வடிகால் இல்லாத வயலில் சோடியம் அங்கேயேதான் இருக்கும். பிறகு தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது நலம்.

உவர் நிலத்தில் உப்பு மிகுதியே குறை. நல்ல தண்ணீரால் கழுவினால் போதும், ஜிப்சச் செலவு வேண்டாம். களரை ஜிப்சம் இன்றிக் கழுவினாலோ, உப்பு போய்ச் சோடியம் நின்று, நிலம் முன்னிலும் கெட்டுப்போகும். வெள்ளைப் பூப்பு இரண்டிலும் தெரியலாம் என்பதால் கண்பார்வையை நம்ப வேண்டாம். நிலக்கடலைக்கு மண் அணைக்கையில் இடும் ஜிப்சம் காய் திரட்சிக்கு. அது வேறு கணக்கு.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கண்ணாடி டம்ளரில் மழைநீர் ஊற்றி, உலர்ந்த சிறு மண்கட்டி ஒன்றை மெதுவாகப் போட்டு, கலக்காமல் ஒரு நாள் வையுங்கள். கட்டியைச் சுற்றிப் பால்போல் கலங்கல் படர்ந்தால் சோடியம் மிகுதி என்று சந்தேகிக்கலாம். உப்பும் சேர்ந்திருந்தால் கலங்கல் தெரியாமலும் போகும். ஆகவே எவ்வளவு ஜிப்சம் என்பதை மண் ஆய்வுக்கூடத்தில்தான் கேட்க வேண்டும். மேல் ஆறு அங்குல மண்ணை வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் எடுத்துக் கலந்து, அரை கிலோ அனுப்பினால் போதும். கிணற்றுத் தண்ணீரையும் ஒரு லிட்டர் சேர்த்து அனுப்புங்கள். சோடியம் அதிலிருந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும்.