அடங்காச் செயல்முறையை அடக்குதல்

அட்டன், நுவரெலியாத் தேயிலைத் தொழிற்சாலைகளில் முற்காலத்தே ஒரே எந்திரம் நெடுந்தண்டொன்றைச் சுழற்ற, தோற்பட்டைகள் வழியே கொழுந்து உருட்டும் பொறிகள் இயங்கின. ஒரு பொறி ஆற்றலை மிகுதியாய் இழுப்பின் ஏனையவற்றின் வேகம் குன்றும். இணையச் சேவையகத்தின் மையச் செயலகமும் அத்தகையதே. முடிவிலாச் சுழற்சியில் அகப்பட்ட செயல்முறையொன்று அதனை விழுங்கின், பரீட்சைப் பெறுபேறு தேடும் மாணவன் காத்துக் கிடப்பான். 1988 நவம்பர் 2 ஆம் நாள் பரவிய மொறிஸ் புழு, தன்னையே பன்மடங்காக்கி அமெரிக்கக் கணினிகள் பலவற்றை இவ்வாறே முடக்கிற்று.

லினக்சில் ‘டொப்’ என்னும் கட்டளை, குற்றவாளிச் செயல்முறையின் எண்ணைக் காட்டும். அதன் பதிவேட்டை முதலில் நோக்குக. பின்னர் ‘கில்’ கட்டளையால் 15 ஆம் சமிக்ஞையை அனுப்புக. அது, பணியை ஒழுங்காய் முடித்து விலகுமாறு கேட்பது. அதற்கும் அடங்காவிடின் மட்டுமே 9 ஆம் சமிக்ஞையால் உடன் நிறுத்துக. ஆராயாது சேவையகத்தையே மீள இயக்குவோர், இயங்குநிலைத் தடயத்தை இழப்பர். காரணம் நீங்காமையின் நோயும் மீளும்.