விடுமுறை ஒரு நாள், விழாவோ மூன்று நாள்

தைப்பூசத்துக்குப் பினாங்கு வரும் அயலக அன்பர்கள் கவனத்திற்கு

தை பிறந்துவிட்டால் பினாங்கு லிட்டில் இந்தியாவின் வீதிகள் புதுப்பொலிவு பெறுகின்றன. பூக்கடைகளிலும் பூசைப்பொருள் கடைகளிலும் கூட்டம் பெருகுகின்றது. சிங்கப்பூரிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் பக்தர்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குகின்றனர். தண்ணீர்மலையில் எழுந்தருளியிருக்கும் முருகப்பெருமானுக்கு நேர்ந்துகொண்ட கடனைச் செலுத்தவே அவர்கள் கடல் கடந்து வருகின்றனர்.

அவ்வாறு வருவோரில் சிலர் ஒரு தவற்றைச் செய்துவிடுகின்றனர். நாட்காட்டியில் விடுமுறை என்று குறித்திருக்கும் ஒரு நாளை மட்டும் கணக்கிட்டு, அன்று காலையில் வந்து அன்று இரவே திரும்புமாறு பயணச்சீட்டு எடுத்துவிடுகின்றனர். வந்ததும், "தேர் எப்பொழுது புறப்படும்?" என்று வினவுகின்றனர். தேரோ முதல் நாள் விடியற்காலையிலேயே புறப்பட்டுப் போயிருக்கும். பல நாள் விரதம் காத்து வந்த முதியோர் இதைக் கேட்டு மனம் வாடுவதைக் காணச் சகியாது.

மூன்று நாள் முறை

பினாங்கில் தைப்பூசம் என்பது மூன்று நாள் திருவிழாவாகும். பூசத்துக்கு முதல் நாள் விடியலில், பினாங்கு ஸ்திரீட்டில் உள்ள நகரத்தார் கோவில் வீட்டிலிருந்து முருகப்பெருமான் வெள்ளி இரதத்தில் எழுந்தருள்கிறார். காரைக்குடியில் உருவாக்கப்பட்ட இவ்விரதம் 1894-ஆம் ஆண்டில் கப்பலேறிப் பினாங்கு வந்து சேர்ந்தது. காளைகள் இழுத்துச் செல்லும் இரதம், 1857-இல் எழுப்பப்பட்ட தண்ணீர்மலை நாட்டுக்கோட்டைச் செட்டியார் ஆலயத்தை நோக்கிச் செல்கின்றது. தொலைவு சில கல்லே எனினும், வழிநெடுகிலும் அர்ச்சனைத் தட்டுகளை ஏற்று, மலைபோல் குவிந்த தேங்காய்கள் உடைபட, ஊர்ந்து ஊர்ந்து செல்வதால் ஒரு பகல் முழுவதும் கழிந்துவிடுகின்றது. தேங்காய் உடைப்போரில் சீன அன்பர்களும் திரளாக இருப்பது பினாங்குக்கே உரிய சிறப்பு.

2017-ஆம் ஆண்டு முதல், குயின் ஸ்திரீட் அருள்மிகு மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து வேல் தாங்கிய தங்க இரதமும் தண்ணீர்மலைக்குப் பவனி செல்லத் தொடங்கியது. 1833-இல் எழுந்த இவ்வாலயமும் கோவில் வீடும் லிட்டில் இந்தியாவுக்குள்ளேயே அருகருகே அமைந்துள்ளன. ஆதலின் முதல் நாள் இரவே அவ்வட்டாரத்தில் தங்கியிருப்போர்க்கு இரு இரதங்களையும் தரிசிக்கும் பேறு கிட்டும்.

இரண்டாம் நாளாகிய பூசத் திருநாள் காவடிகளுக்கு உரியது. பால்குடமும் காவடியும் ஏந்தியோர் தண்ணீர்ப்பந்தல்களைக் கடந்து, 2012-இல் குடமுழுக்குக் கண்ட அருள்மிகு பாலதண்டாயுதபாணி மலைக்கோயிலின் 513 படிகளை ஏறுகின்றனர். மூன்றாம் நாள் மாலையில் வெள்ளி இரதம் மலையடிவாரத்திலிருந்து புறப்பட்டு, இரவு முழுவதும் வீதிவலம் வந்து, கோவில் வீடு திரும்புகின்றது. சுவாமியை வழியனுப்பி, மீண்டும் வரவேற்கும் வரை விழா நிறைவு பெறுவதில்லை.

விடுமுறையின் கதை

விடுமுறையைக் கொண்டு பயணத்தைத் திட்டமிடுவோர் நாட்டுக்கு நாடு நிலைமை வேறுபடுவதை அறிந்திருத்தல் நலம். பினாங்கில் தைப்பூசம் மாநிலப் பொது விடுமுறை. கோலாலம்பூருக்கு அவ்விடுமுறை 2008-இல்தான் வாய்த்தது. தமிழகத்தில் 2021-ஆம் ஆண்டு முதல் அரசு விடுமுறையாயிற்று. சிங்கப்பூரிலோ 1968-இல் பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து தைப்பூசம் நீக்கப்பட்டது. ஆகவே சிங்கப்பூர் அன்பர்கள் தங்கள் சொந்த விடுப்பிலிருந்தே நாட்களை எடுத்து வருகின்றனர். அவர்கள் விட்டுக்கொடுத்து வரும் ஒவ்வொரு நாளும் பயனுற அமைய வேண்டாமா?

மேலும், தைப்பூசம் நட்சத்திரத்தை ஒட்டி வருவதால் ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறும். 2024-இல் ஜனவரி 25, 2025-இல் பிப்ரவரி 11, 2026-இல் பிப்ரவரி 1 என அமைந்தது. சென்ற ஆண்டுத் தேதியை நம்பிச் சீட்டு எடுத்தல் ஆகாது. சீனப் புத்தாண்டும் இதே பருவத்தில் வருவதால், சில ஆண்டுகளில் விடுதியும் வாகனமும் கிடைத்தல் அரிதாகிவிடும்.

பயண ஏற்பாடு

முற்காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து 'ரஜுலா', பின்னர் 'சிதம்பரம்' ஆகிய கப்பல்களில் பல நாள் பயணம் செய்து பினாங்குத் துறைமுகத்தில் இறங்கினர். 1985-இல் 'சிதம்பரம்' தீவிபத்துக்கு உள்ளானதோடு அக்காலம் முடிவுற்றது. 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமான சேவை தொடங்கியது. கோலாலம்பூர் வழியாக வருவோர் மின்சார ரயிலில் பட்டர்வொர்த் வந்து, படகில் ஏறித் தீவை அடையலாம். படகுத்துறையிலிருந்து லிட்டில் இந்தியா நடந்து செல்லும் தொலைவே.

இந்தியக் குடிமக்கள் 2023 டிசம்பர் முதல் 2026 இறுதி வரை விசாவின்றி முப்பது நாள் தங்க மலேசிய அரசு இசைவளித்துள்ளது. எனினும் வருகைக்கு முந்திய மூன்று நாட்களுக்குள் மின்னியல் வருகை அட்டையைப் பூர்த்தி செய்தல் வேண்டும். கடப்பிதழ் ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாவதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதியோரை அழைத்து வருவோர் முதல் நாள் லிட்டில் இந்தியாவில் தங்கி, வாசலிலேயே இரத தரிசனம் பெறுதல் நன்று. பூசத்தன்று மலையைச் சுற்றிய சாலைகள் அடைக்கப்படும். நெடுந்தூரம் நடக்க நேரிடும். படியேற இயலாதோர் மலையடிவார ஆலயத்தில் வழிபட்டு மனநிறைவு பெறலாம். காவடி எடுப்போர் உரிய ஆலயத்தில் முன்னதாகவே பதிவு செய்துகொள்வது அவசியம்.

அழைப்பவன் ஆறுமுகன். அவன் அழைப்பை ஏற்றுக் கடல் கடந்து வரும் அன்பர்கள், அவன் புறப்படும் முன் வந்து, அவன் இல்லம் திரும்பிய பின் விடைபெறுவதே முறை. விடுமுறை ஒரு நாளாயினும், மூன்று நாள் ஒதுக்கி வந்து மூன்று நாள் அருளும் பெற்றுச் செல்வார்களாக!