விலை ஏறியது, விளைச்சல் குறைந்தது

இமயமலைச் சரிவுகளிலும் திபெத்து மேட்டுநிலத்திலும் வாழும் ஏழைக் குடும்பங்கள் பல, ஆண்டுச் செலவுக்கான பணத்தை வைகாசி, ஆனி மாதங்களிலேயே தேடிக்கொள்கின்றன. வயலில் அல்ல, பொதுப் புல்வெளியில். அங்கே கிடைப்பது யார்சாகும்பா என்னும் மருந்துப் பங்கசு. திபெத்து மொழிப் பெயரின் பொருள் 'கோடையிற் புல், மாரியிற் புழு' என்பதாகும்.

3000 மீற்றருக்கு மேற்பட்ட குளிர்ந்த புல்வெளிகளில், ஒருவகை அந்துப்பூச்சியின் குடம்பி மண்ணுக்குள் வாழ்கிறது. பங்கசு அதன் உடலிற் புகுந்து கொன்றுவிடுகிறது. பனி உருகியதும் புழுவின் தலையிலிருந்து மெல்லிய தண்டொன்று மண்ணுக்கு மேலே எழும். இரண்டையும் சேர்த்தே தோண்டி எடுப்பர்.

சீன மருத்துவத்தில் இது உடலுக்கு வலுவூட்டும் மருந்து. நவீன ஆய்வுகள் இப்பயனை உறுதியாக நிறுவவில்லை. ஆயினும் சீனாவிற் செல்வந்தர் பெருகியபோது இது மதிப்புமிக்க பரிசுப்பொருளாகி, விலை உயர்ந்தது. நேபாளத்தின் டொல்பா மாவட்டத்தில் 2001 முதல் 2011 வரை விலை இருபது மடங்குக்கு மேல் ஏறியதாக ஓர் ஆய்வு கூறுகிறது. ஆனால் 2006இல் ஒருவர் சராசரியாக 260 எடுத்த இடத்தில், 2010இல் 125 மட்டுமே எடுத்தார்.

காரணம் என்ன? தண்டு முதிர்ந்தாற்றான் வித்திகள் பரவும். முதிர்ந்ததற்கோ விலை குறைவு. நாம் விட்டால் மற்றவர் எடுப்பார் என்று எல்லோரும் இளசாகவே பிடுங்குகின்றனர். காலநிலை வெப்பமாவதும் விளைச்சலைப் பாதிக்கிறது. 2020இல் இது அழிவை எதிர்நோக்கும் இனங்களின் உலகப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது.

போட்டி உயிர்களையும் பறித்தது. 2009 யூன் மாதம் நேபாளத்தின் நார் கிராமத்துப் புல்வெளிக்கு இதைத் தேடிச் சென்ற, கோர்க்கா மாவட்டத்தவர் ஏழு பேர் கொல்லப்பட்டனர். கொன்றவர்களும் அவர்களைப் போன்ற மலைவாழ் மக்களே.

பூட்டான் வேறு வழியை நாடியது. 2004 முதல் அங்கு அனுமதிப்பத்திரம் பெற்றவர்களே சேகரிக்கலாம். பருவம் தொடங்கும் நாள் குறிக்கப்படுகிறது. பகிரங்க ஏலத்தில் விற்கப்பட்டதால், சேகரித்தவரே விலையை நேரில் அறிந்தார். குறைவு முற்றாக நின்றுவிடவில்லை; ஆயினும் ஒழுங்கு உண்டு.

இதிலிருந்து நாம் அறிவது ஒன்று. பொது நிலத்துப் பொருளுக்கு விலை ஏறும்போது, முதலில் வேண்டியது மண்வெட்டி அல்ல, ஊர்க் கூட்டம். எப்போது எடுப்பது, எவ்வளவு விடுவது, வெளியிலிருந்து வருவோருக்கு என்ன பங்கு என்பவற்றை விலை ஏறுமுன் பேசி முடித்தால், அடுத்த ஆண்டும் புல்வெளி பலன் தரும்.