கித்துல்கல பயணம்: விலை கேட்க முன் தண்ணீரைக் கேளுங்கள்

கடைப் பொடியன்மாரை வருடத்துக்கு ஒரு தடவை எங்காவது கூட்டிக்கொண்டு போவது நமது வியாபாரிகளிடையே வழமையாகிவிட்டது. முன்பென்றால் நுவரெலியாவுக்கு ஒரு பஸ், பூங்காவில் ஒரு படம், மத்தியானம் சஹன் சாப்பாடு, அத்தோடு காரியம் முடிந்துவிடும். இப்போது பொடியன்மாரே இடத்தைச் சொல்லிவிடுகிறார்கள். கித்துல்கலவுக்குப் போய் ரப்பர் படகில் ஆற்றில் இறங்க வேண்டுமாம். சில கம்பனிகளும் தங்கள் டீலர்மாரை அங்கேதான் அழைத்துப் போகின்றன. போன மாதத்தில் மட்டும் நான்கு முதலாளிமார் இது பற்றி என்னிடம் விசாரித்தார்கள். நால்வரும் கேட்ட முதற் கேள்வி ஒன்றுதான்: “தலைக்கு எவ்வளவு?”

முதல் தடவை நானும் அதைத்தான் கேட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இடம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கித்துல்கல, அவிசாவளையிலிருந்து ஹட்டன் போகும் பாதையில் களனி கங்கைக் கரையில் இருக்கிறது. கொழும்பிலிருந்து 100 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. 1957 இல் வெளிவந்த குவாய் ஆற்றுப் பாலம் பற்றிய ஆங்கிலப் படத்தை இங்கேதான் எடுத்தார்கள். படகுச் சவாரி சுமார் 5 கிலோமீற்றர், ஒரு மணி நேரமளவில் முடியும். ஆறு பாறைகளுக்கிடையே நெருங்கிப் பாயும் இடங்களில் படகு துள்ளும், நனையும், சில நேரம் ஆளையும் வெளியே போடும். சனம் காசு கொடுப்பதே அந்தத் துள்ளலுக்குத்தான்.

எனது முதல் பயணத்தில் நாங்கள் 19 பேர். இரண்டு இடங்களில் விலை கேட்டேன். ஒருவருக்கும் மற்றவருக்கும் தலைக்கு எழுநூறு ரூபா வித்தியாசம். மொத்தம் 13,300 ரூபா. குறைந்த விலைக்காரரை எங்களுக்குக் காட்டியவர் வேன்காரர். அவருக்கும் கொமிஷன் இருந்திருக்கும், அதை நான் குறை சொல்லமாட்டேன். மிச்சம் பிடித்த சந்தோஷத்தில் அன்று காலை உணவை நானே விசேடமாக வாங்கிக் கொடுத்தேன்.

கரையில் அங்கிகளைக் குவியலாகப் போட்டிருந்தார்கள். கைக்கு அகப்பட்டதை எடுத்துப் போட்டுக்கொண்டோம். கடையில் ஆக இளையவன், பதினெட்டு வயதுப் பொடியன், மெலிந்தவன். அவனுக்குக் கிடைத்தது பெரியதொன்று. மூன்றாவது பாய்ச்சலில் படகு சரிந்து அவன் விழுந்தான். அங்கி காதுக்கு மேலே ஏறி முகத்தை மூடிவிட்டது. ஆழம் இடுப்பளவுதான் என்று நினைத்து எழுந்து நிற்கப் பார்த்திருக்கிறான். கால் இரண்டு கல்லுக்கிடையில் இறங்கிவிட்டது. தண்ணீர் பின்னாலிருந்து தள்ள, அவன் முன்னால் மடங்கியதை நான் கண்ணால் கண்டேன். எங்களுக்கு வந்தது ஒரு நிமிடமும் இருக்காது. வேறொரு குழுவுடன் சிறு ஓடத்தில் வந்த ஒருவர் பாய்ந்து அவனை இழுத்து எடுத்தார். எங்கள் படகுக்காரரிடம் அப்படியொரு ஓடமும் இல்லை, எறியக் கயிறும் இல்லை.

கணுக்கால் வீங்கிப் பத்து நாள் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் அவனுடைய உம்மா கடைக்கு வந்தார். ஏசவில்லை. “முதலாளி, நீங்களும் கூடத்தானே இருந்தீங்க?” என்று மட்டும் கேட்டார். அதற்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை.

பிறகுதான் விடயத்தை விசாரிக்கத் தொடங்கினேன். அந்தத் தொழிலில் பல வருடம் இருக்கும் ஒருவர் முதலில் சொன்னது தண்ணீரைப் பற்றி. இவ்வகை ஆறுகளை 1 முதல் 6 வரை தரம் பிரிக்கும் ஒரு சர்வதேச அளவு இருக்கிறது. 1 என்பது ஓடும் தண்ணீர், சிறு அலை. 6 என்பது அனுபவசாலிகளுக்கே உயிராபத்து. கித்துல்கல சாதாரண நாட்களில் 2, 3 என்ற தரத்தில் இருக்கும். புதியவர்கள் வழிகாட்டியோடு இறங்கலாம். ஆனால் இந்த இலக்கம் சீமெந்து மூட்டையில் அடித்த முத்திரை போன்றதல்ல. தண்ணீர் கூடினால் அதே ஆற்றின் தரமும் கூடும். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது ஆளைத் தள்ளும் பலம் நான்கு மடங்காகிறது. முழங்கால் அளவு தண்ணீர் ஒரு பெரிய மனிதனைச் சாய்ப்பது இதனால்தான்.

அடுத்தது நம்மில் பலருக்குத் தெரியாதது. கித்துல்கலவில் ஒரு துளி மழை இல்லாமலே ஆறு உயரலாம். மேலே மஸ்கெலியா ஓயாவிலும் கெஹெல்கமு ஓயாவிலும் வரிசையாக நீர்த்தேக்கங்களும் மின் நிலையங்களும் இருக்கின்றன. காசல்ரி, மவுசாகலை, நோர்ட்டனில் விமலசுரேந்திர, கென்யோன், லக்ஷபான, அதற்குக் கீழே பொல்பிட்டிய. அண்மைக் காலத்தில் கட்டிய 35 மெகாவாட் பிராட்லேண்ட்ஸ் நிலையமும் கித்துல்கலவுக்கு மேலேயே இருக்கிறது. இயந்திரங்கள் ஓடும்போது ஆற்றில் தண்ணீர் வரும், நிறுத்தினால் குறையும். மலையில் பலத்த மழை பெய்தால் வான்கதவுகளைத் திறந்துவிடுகிறார்கள். மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவப்பெயர்ச்சிக் காலத்தில் இந்தச் செய்தியை நீங்களே பத்திரிகையில் படித்திருப்பீர்கள். ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடி மழை. அந்த மாதங்களில் போவதென்றால் காலையிலேயே இறங்கி முடித்துவிட வேண்டும். டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரை பொதுவாக ஆறு அமைதி.

ஆகவே விலைக்கு முன்னால் கேட்க வேண்டியது இதுதான்: “எந்த அளவுக்கு மேல் தண்ணீர் வந்தால் நீங்கள் படகை இறக்கமாட்டீர்கள்?” நல்லவர் யோசிக்காமல் பதில் சொல்வார். இந்தப் பாறை மூழ்கினால் நிறுத்துவோம், அந்தப் படிக்கட்டு வரை வந்தால் இல்லை என்று கையால் காட்டுவார். “பயப்படாதீங்க நானா, எந்த நாளும் ஓடுறதுதான்” என்று சிரிப்பவரிடம் தேநீர் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாவது கேள்வி, படகின் பின்னால் உட்காரும் மனிதரைப் பற்றியது. எத்தனை வருடமாக இதே ஆற்றில் ஓடுகிறார், முதலுதவியும் நீரில் ஆளை மீட்கும் பயிற்சியும் பெற்றிருக்கிறாரா என்று கேளுங்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் பதிவு இருந்தால் காட்டச் சொல்லுங்கள். நாம் கடன் கொடுக்க முன் வியாபாரப் பதிவைப் பார்ப்பதில்லையா? படகுகள் தனியாகப் போகக்கூடாது. குறைந்தது இரண்டு படகு, அல்லது கூடவே ஒரு மீட்பு ஓடம் வர வேண்டும். இறங்க முன் அவர் சொல்லும் பாடம் மூன்று நிமிடத்தில் முடிந்தால் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். கட்டளைகள் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வரும். உங்கள் ஆட்களில் யாருக்காவது விளங்காவிட்டால் கரையிலேயே தமிழில் ஒரு தடவை சொல்லிப் பழக்கிவிடுங்கள். விழுந்தால் மல்லாக்கக் கிடந்து, கால்களை முன்னால் நீட்டி, கால் விரல்கள் தண்ணீருக்கு மேலே தெரிய மிதக்க வேண்டும். ஓடும் தண்ணீரில் எக்காரணம் கொண்டும் எழுந்து நிற்கக்கூடாது. எங்கள் பொடியனுக்கு அன்று யாரும் இதைச் சொல்லவில்லை.

பொருட்களைப் பற்றி நான் கொஞ்சம் உரிமையோடு பேசலாம். புறக்கோட்டையில் முப்பது வருடமாகக் கயிறும் தார்ப்பாயும் விற்கிறவன் நான். அங்கியின் நாடாவை விரலால் தடவிப் பாருங்கள். நிறம் வெளிறிப் பஞ்சு போல் எழும்பியிருந்தால் அதை வெயில் தின்றுவிட்டது. அங்கியைப் போட்டு எல்லாக் கொளுக்கிகளையும் இறுக்கிய பின், இன்னொருவர் இரு தோளிலும் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். நாடிக்கு மேல் ஏறினால் அது அந்த ஆளுக்குரியதல்ல. எறியும் கயிறு பை ஒன்றுக்குள் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அது பொலிப்ரொப்பிலீன் கயிறாக இருக்க வேண்டும், ஏனெனில் அது மிதக்கும். நைலோன் கயிறு பலமானதுதான், ஆனால் தண்ணீரில் தாழ்ந்துவிடும். விழுந்தவன் கைக்கு அது அகப்படாது. துடுப்பின் மேல்முனையில் குறுக்குப் பிடி ஒன்று இருக்கிறது. ஒரு கை எப்போதும் அதை மூடிப் பிடித்திருக்க வேண்டும். விட்டால் பக்கத்தில் இருப்பவனின் பல்லைத்தான் பதம் பார்க்கும்.

உடுப்பு விடயத்தில் ஆண்கள் சாரத்தையும் செருப்பையும் பஸ்ஸிலேயே வைத்துவிட்டு, கட்டும் சப்பாத்தோடு இறங்க வேண்டும். குடும்பமாகப் போகிறவர்கள் கவனிக்க: அபாயா நனைந்தால் பாரம், காலிலும் சுற்றும். நீண்ட கைச் சட்டையும் தளர்ந்த காற்சட்டையும் போட்டு, தலைத்துணியை ஊசியில்லாமல் கட்டி அதன்மேல் தலைக்கவசம் போட்டால் மறைவும் கெடாது, ஆபத்தும் இல்லை. பெண்களுக்குத் தனிப் படகு வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது வருடம் நான் விலை கூடியவரிடமே போனேன். இந்தத் தடவை 26 பேர். பஸ் வாடகை, மத்தியானச் சாப்பாடு எல்லாம் கட்டியாகிவிட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கித்துல்கலவில் நல்ல வெயில். ஆறு மட்டும் தேநீர் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. முதல் இரவு மேலே மழை. அவர் கரையில் நின்று பார்த்துவிட்டு, “ஹாஜியார், இன்றைக்கு இல்லை” என்றார். எனக்குக் கோபம் வந்தது. 26 பேரைக் கூட்டிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்று சத்தம் போட்டேன். பக்கத்தில் வேறொருவர் படகை இறக்கிக்கொண்டிருந்தார், அதையும் காட்டினேன். அவர் மறுபடியும் இல்லை என்றார். முற்பணத்தை வைத்துக்கொண்டு வேறு திகதி தந்தார். இருபத்தாறு பேரின் காசு கையில் கிடைக்க இருந்தும் வேண்டாமென்று சொன்ன மனிதர் அவர். நான் கூட என் கடையில் அப்படி எத்தனை தடவை செய்திருப்பேன் என்று திரும்பி வரும்போது யோசித்தேன். அன்றிலிருந்து வேறு யாரிடமும் போனதில்லை.

முற்பணம் கட்டும்போது இதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: தண்ணீர் காரணமாக அவர் நிறுத்தினால் வேறு திகதியா, காசு திரும்பக் கிடைக்குமா. திகதி மாற்றம் இல்லையென்றால், ஆற்றைப் பார்த்துப் பயந்தாலும் “கட்டின காசு” என்று நீங்களே இறங்கச் சொல்வீர்கள். காப்புறுதிப் பத்திரத்தையும் எடுத்து விலக்குகளை வாசியுங்கள். விபத்துக் காப்புறுதிகள் பலவற்றில் இவ்வகை விளையாட்டுகள் விலக்கப்பட்டிருக்கும்.

படகுச் சவாரி முடிந்ததும் அங்கியைக் கழற்றிவிட்டுப் பொடியன்மார் குளிக்க இறங்குவார்கள். கவனம் தேவைப்படுவது அந்த நேரத்தில்தான், ஏனென்றால் அப்போது வழிகாட்டியும் இல்லை, கயிறும் இல்லை. அங்கியோடு குளிக்கலாம் என்றால் குளிக்கட்டும், இல்லையென்றால் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள்.

இந்த வருடம் ஜனவரியில் போகிறோம். காலை ஐந்தரைக்கு பஸ் புறப்படும். அவிசாவளையில் தேநீருக்கு நிறுத்தி, அங்கிருந்து நான் அவருக்கு கோல் எடுப்பேன். தண்ணீர் சரியென்றால் ஹட்டன் பாதை. இல்லையென்றால் இரத்தினபுரிப் பாதையும் அங்கேதான் பிரிகிறது.