கடற்சாமந்தி என்னும் விருந்தாளி

கடற்சாமந்தி என்ற பெயரைக் கேட்டதும் நீருக்குள் பூக்கும் ஏதோ ஒரு மலர் என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் அது ஒரு விலங்கு. எலும்பில்லை, இரத்தமில்லை, கண்ணுமில்லை. பாறையைப் பற்றிக்கொள்ள ஓர் அடித்தட்டு, குழாய் போன்ற உடல், உச்சியில் ஒரே வாய், அதைச் சூழ்ந்து இதழ்களைப் போல் அசையும் உணர்கொம்புகள், அவ்வளவுதான். அக்கொம்புகளில் நுண்ணிய நச்சு ஊசிகள் மறைந்துள்ளன.

இத்தனை எளிய உயிர் எவ்வளவு காலம் வாழும்? ஸ்காட்லாந்தில் ஜான் கிரஹாம் டாலியெல் என்ற இயற்கை ஆய்வாளர் 1828இல் கடற்கரையிலிருந்து எடுத்துவந்த ஒரு கடற்சாமந்தி, எடின்பரோ நகரில் ஒரு கண்ணாடிச் சாடிக்குள் 1887 வரை உயிர் வாழ்ந்தது. வளர்த்தவரோ 1851இலேயே மறைந்துவிட்டார். அதற்குப் 'பாட்டி' என்றே பெயர் வழங்கியது. அந்தச் சாடிக்கு மின்விளக்கும் இயந்திரமும் இல்லை. விடாமல் மாற்றப்பட்ட கடல்நீரும் சொந்த மண்ணின் குளிர்ச்சியுமே அதைக் காத்தன. இன்றோ, பெரும் பொருள் செலவிட்டு அமைத்த தொட்டிகளிலேயே பல கடற்சாமந்திகள் சில மாதங்களில் கரைந்து அழிகின்றன. காரணம், பெரும்பாலும் நம் அவசரம்.

செண்பகத்தோப்புக் காட்டை அடுத்துள்ள ஸ்ரீவில்லிபுத்தூரிலோ இராஜபாளையத்திலோ ஒரு குடும்பம் இதை வளர்க்க விரும்புவதாகக் கொள்வோம். தூத்துக்குடிக் கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. ஆகவே சுத்திகரித்த ஆர்.ஓ. நீரில் கடல் உப்புக் கலவையைக் கரைத்தே தொட்டியை நிரப்ப வேண்டும். லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. குழாய் நீரில் குளோரின் இருக்கும். ஆழ்துளைக் கிணற்று நீரோ கடினமானது. இரண்டும் ஏற்றவையல்ல.

தொட்டி நிரம்பிய மறுநாளே விருந்தாளியை அழைத்துவிடலாகாது. மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா கொடிய நஞ்சு. அதனை மாற்றும் நுண்ணுயிர்கள் கற்களிலும் மணலிலும் குடியேறி, நீர் நிலைபெற மாதங்கள் ஆகும். குறைந்தது ஆறு மாதங்களேனும் ஓடிப் பழகிய தொட்டியே கடற்சாமந்திக்கு உகந்தது.

வெப்பம் நம் பகுதிக்கே உரிய சோதனை. தொட்டி நீர் 25 முதல் 27 பாகை செல்சியசுக்குள் இருப்பது நலம்; கத்திரி வெயிலில் அது 30ஐத் தாண்டிவிடும். நீர்ப்பரப்பின்மீது சிறு மின்விசிறியை வீசச் செய்தால் ஓரளவு குளிரும். ஆனால் நீர் ஆவியாகும்போது உப்பு தங்கிவிடுகிறது. எனவே குறைந்த அளவை உப்புக் கலவாத நல்ல நீரால் மட்டுமே நிரப்ப வேண்டும். மின்வெட்டுக்கு மின்கலத்தால் இயங்கும் காற்றுக்குழாய் ஒன்றும் வீட்டில் இருக்கட்டும்.

கடையில் வாங்கும்போது வெளுத்ததை விலக்குங்கள். பல கடற்சாமந்திகளின் உடலுக்குள் நுண்பாசிகள் வாழ்ந்து, ஒளியிலிருந்து உணவாக்கித் தருகின்றன. அப்பாசியை இழந்ததே வெண்மை. கண்ணைப் பறிக்கும் மஞ்சளும் நீலமும் சாயமேற்றியவையாக இருக்கக்கூடும். அடித்தட்டு கிழிந்ததும் பிழைப்பது அரிது.

வீட்டுக்கு வந்ததும், அது இருக்கும் பையின் நீரில் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக ஒன்றிரண்டு மணி நேரம் கலந்துவர வேண்டும். பின் கையுறை அணிந்து, நீரோட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்தி, அதன் இனத்துக்கேற்பப் பாறை இடுக்கிலோ மணலிலோ அடித்தட்டு படியுமாறு விடுங்கள். முதல் சில நாட்கள் விளக்கொளி குறைவாகவே இருக்கட்டும்.

இதன்பின்தான் பொறுமை வேண்டும். கடற்சாமந்தி நடக்கும்! இடம் பிடிக்காவிட்டால் அடித்தட்டால் மெல்ல ஊர்ந்து தானே வேறிடம் தேடும். நாம் அழகு பார்த்து வைத்த இடத்துக்கு மீண்டும் மீண்டும் பெயர்த்து வைப்பதே அதைக் கொல்கிறது. நாம் செய்யத்தக்கது, நீரிறைக்கும் பம்பின் வாயைப் பஞ்சால் மூடிவைப்பது ஒன்றே. ஊர்ந்துவரும் உயிர் அதில் சிக்கினால் சிதைந்துவிடும். சுருங்குவதும் பழுப்பாகக் கழிவை உமிழ்வதும் கண்டு பிள்ளைகள் அஞ்ச வேண்டியதில்லை. வாய் பிளந்து, சதை உதிர்ந்து, துர்நாற்றம் வீசினால் மட்டும் உடனே அகற்றிவிடுங்கள். இல்லையேல் தொட்டி முழுதும் நஞ்சாகும். முதல் வாரம் உணவு வேண்டாம். பிறகு வாரம் ஒருமுறை சிறு இறால் துண்டு போதும்.

வாங்குமுன் அது எங்கிருந்து வந்தது எனக் கேட்பதும் நம் கடமை. செண்பகத்தோப்பின் சாம்பல் நிற அணிலுக்கு 1988 முதல் சரணாலயம் இருக்கிறது. அதைப் பிடித்துவர எவரும் துணியோம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த பகுதியும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கிருந்து எதையும் பெயர்த்தெடுப்பது குற்றம். பவளங்களோ 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன; தொட்டியை அழகுசெய்யப் பவளக்கல் தேடுவோர் இதை அறிந்திருக்க வேண்டும்.

பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் கோமாளி மீனைத்தான். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் அம்மீனைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்த்துக் காட்டியுள்ளன. பண்ணையில் பிறந்த கோமாளி மீன் கடற்சாமந்தி இல்லாமலேயே தொட்டியில் நலமாக வாழும். இரண்டையும் வளர்ப்பதானால், கடற்சாமந்தி ஓரிடத்தில் நிலைத்துச் சில வாரங்கள் கழிந்த பின்னரே மீனை விட வேண்டும். மீன் உடனே அதனுள் புகுந்துகொள்ளும் என்பதில்லை. சில நாட்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். சில மீன்கள் கடைசிவரை அதன் பக்கமே போவதில்லை.